இரண்டு சுழி, மூன்று சுழி

மெய்ப்புத் திருத்துகிறவர்களை அதிகம் சோதிப்பவை ரகர றகரங்களோ லகர ளகரங்களோ அல்ல. இரண்டு சுழி ‘ன’வும் மூன்று சுழி ‘ண’வும்தான் என்பது எங்கள் அனுபவம். ‘மனம்’ என்பது ‘மணம்’ ஆகிவிட்டால் வாக்கியம் எப்படியோ தப்பித்துக்கொள்ளும். படிப்பவரும் பெரிதாகப் பொருட்படுத்த மாட்டார். எழுதியவர்தாம் மறுநாள் காலை காப்பி குடிப்பதற்குள் தொலைபேசியில் அழைத்துவிடுவார். எங்களில் ஒருத்திக்கு இதுவே தொழில். பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே சிறு பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறாள். மற்றவன் பள்ளியில் கணக்கு வாத்தியார். இதை இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். கண் அவளுடையது, எழுதும் கை அவனுடையது. ஆகவே ‘நாங்கள்’ என்று சொல்வதில் பாசாங்கு ஏதும் இல்லை.

திருமணமாகி மூன்று மாதங்கள்கூட ஆகாத 2011ஆம் ஆண்டில் அவளுக்கு ‘ன’ எல்லாம் ‘ண’வாகத் தெரியத் தொடங்கின. ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே, சற்றுச் சரிந்து, அதே எழுத்தின் சாயல் ஒன்று. மெய்யெழுத்துகளின் தலையில் ஒரு புள்ளிக்கு மூன்று புள்ளிகள். ஆய்த எழுத்து ஓர் எறும்புக் கூட்டம். மூன்றாம் பிறையைப் பார்க்க மொட்டைமாடிக்குப் போனால் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கைந்து பிறைகள். தெருவிளக்குகளுக்கு வால் முளைத்தது. அதற்கு முன்பே ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடியின் எண் மாறிக்கொண்டுதான் இருந்தது. கண்ணாடிக் கடைக்காரர் அதைப் படிப்பின் பெருமையாகவே எடுத்துக்கொண்டு, “நிறைய வாசிக்காவ போல” என்று சொல்லி அடுத்த கண்ணாடியைக் கொடுத்தார். நாங்களும் அதை நம்பினோம். வாசிப்பவர்களுக்கு அதில் ஓர் அற்பப் பெருமிதம் உண்டு அல்லவா?

மதுரையிலுள்ள ஒரு கண் மருத்துவமனையில்தான் பெயர் தெரிந்தது. கெரட்டோகோனஸ். நம்முடைய வழக்கில் கூம்புக் கருவிழி என்று சொல்லலாம். கருவிழி என்ற பெயரே ஒரு பிழை என்று அன்று அறிந்தோம். அது கருப்பு அல்ல, முற்றிலும் நிறமற்றது. பின்னாலிருக்கும் திரையின் நிறத்தைத்தான் நாம் அதன் நிறமாகக் காண்கிறோம். கடிகாரத்தின் மேல் கண்ணாடியைப் போல விழியின் முகப்பில் வளைந்து நிற்கும் அந்தப் படலம், நடுவில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. சிலருக்கு வளரிளம் பருவத்தில் தொடங்கி அது மெலிந்து, உள்ளிருக்கும் அழுத்தத்துக்கு ஈடுகொடுக்க இயலாமல் கூம்பாகப் புடைத்துவிடுகிறது. சீரான வளைவு போனால் ஒளி ஓரிடத்தில் குவியாது. ஒரு பிறை ஐந்தாகும். இது ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றை விடை இல்லை. பரம்பரையும் காரணமாகலாம். ஒவ்வாமையால் கண் அரித்துக் கசக்கிக் கசக்கியே மோசமாவது மட்டும் உறுதி. மருத்துவர் எழுதிக்கொடுத்த முதல் மருந்து, “கண்ணைக் கசக்கக் கூடாது.” நம் மொழியில் கண்ணைக் கசக்குவது என்றால் அழுவது. ஊருக்குத் திரும்பும் பேருந்தில் அவள் இரண்டு பொருளிலும் அந்த மருந்தை மீறினாள்.

இடையில் கழிந்த பத்தாண்டுகளை விரைவாகக் கடந்துவிடுகிறோம். 2012இல் வலது கண்ணுக்குக் குறுக்குப் பிணைப்பு என்ற சிகிச்சை. ரைபோஃப்ளேவின் என்ற வைட்டமின் கரைசலைச் சொட்டிப் புறஊதா ஒளியைப் பாய்ச்சிப் படலத்தின் நார்களை இறுக்கிவிடுகிறார்கள். நோய் அங்கேயே நின்றுவிட்டது. இடது கண் அதற்குள் மிகவும் மெலிந்திருந்தது. அதற்கு அந்தச் சிகிச்சை பாதுகாப்பானதல்ல என்றார்கள். கெட்டியான லென்ஸ்தான் வழி. வளைவு குலைந்த கருவிழியின் மேல் சீரான வளைவு ஒன்றைக் கவிழ்த்து வைப்பதுதான் சூட்சுமம். ‘ன’வும் ‘ண’வும் பிரிந்தன. ஆனால் பாளையங்கோட்டையின் ஆடிக் காற்றில் கெட்டி லென்ஸோடு கடைவீதிக்குப் போய்வருவது என்பது, மணலைக் கண்ணில் போட்டுக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது. லென்ஸ் கழன்று தாம்பாளத்தில், சாக்கடை ஓரத்தில், ஒருமுறை கொத்தமல்லிக் கட்டுக்குள் விழுந்திருக்கிறது. கூம்பின் நுனியில் அது உரசி உரசித் தழும்பு விழுந்தது. 2021இன் இறுதியில், இனி இடது கண்ணில் லென்ஸ் நிற்காது, கருவிழியை மாற்ற வேண்டும், பெயரைப் பதிந்து வைக்கிறோம் என்றார்கள்.

அழைப்பு 2022 ஜூலையில் ஒரு புதன்கிழமை மாலை வந்தது. “கண் வந்திருக்கிறது. நாளை காலை வந்துவிடுங்கள்.” எட்டு மாதங்கள் காத்திருந்த செய்தி. அவள் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். அவன் பள்ளிக்கு விடுப்பு எழுதத் தாள் தேடினான். இரண்டு மூன்று நிமிடங்கள் நாங்கள் மிக மகிழ்ச்சியாக இருந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. அதன் பிறகுதான் ‘வந்திருக்கிறது’ என்ற சொல் உறைத்தது. எங்கிருந்து வந்திருக்கிறது? எந்த வீட்டிலிருந்து? நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பெட்டியை அடுக்கினோம். அந்த மௌனத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறோம்.

அறுவை பற்றிச் சிறிது. முன்பெல்லாம் கருவிழியின் முழுக் கனத்தையும் வட்டமாக வெட்டியெடுத்துப் புதியதைப் பொருத்துவார்கள். இப்போது இந்நோய்க்கு முடிந்தவரை உட்புறத்து மெல்லிய ஏட்டை நோயாளியிடமே விட்டுவிட்டு மேலுள்ள அடுக்குகளை மட்டும் மாற்றுகிறார்கள். உடல் அந்நியமென்று கண்டு எதிர்க்கும்போது பெருங்கேடு விளைவது அந்த உள் ஏட்டில்தான். அது சொந்தமாகவே இருந்துவிட்டால் அந்த அபாயம் இல்லை. அதைப் பிரிப்பதற்கு ஊசியால் காற்றைச் செலுத்துகிறார்கள். குமிழி ஒன்று விரிந்து ஏடுகளைப் பிரிக்க வேண்டும். விரியலாம், கிழிந்தும் போகலாம். கிழிந்தால் முழு மாற்றுதான். இதையெல்லாம் முன்பே விளக்கிக் கையெழுத்து வாங்கினார்கள். கண்ணைச் சுற்றி மரக்க ஊசி போட்டு, ஆள் விழித்திருக்கும்போதே செய்தார்கள். ஆகவே அவளுக்குக் காது கேட்டுக்கொண்டிருந்தது. வெகுநேரம் எவரும் பேசவில்லையாம். பிறகு மருத்துவர், யாரிடமோ அல்லாமல் தமக்குத்தாமே, “வந்துட்டு” என்றாராம். அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு மீதி நேரத்தைக் கழித்ததாக அவள் சொல்கிறாள். வெளியே பெஞ்சில் இருந்தவனுக்கு அதுவும் இல்லை.

பதினாறு தையல்கள். நூல், தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. கடிகார முள் போகும் வட்டத்தில் பதினாறு ஆரைகள். மறுநாள் கட்டைப் பிரித்தபோது அவள் பார்த்தது வெளிச்சத்தை மட்டும்தான். நீராவி படிந்த கண்ணாடிக்கு அப்பால் யாரோ அசைவது போன்ற வெளிச்சம். எங்களில் ஒருவன் அப்போது முகத்தை அருகில் கொண்டுபோய், “யாருன்னு தெரியுதா?” என்று கேட்டான். திரைப்படங்கள் செய்த கேடு. “சத்தத்தை வெச்சுத் தெரியுது” என்றாள்.

நான்காம் நாள் ஊர் திரும்பினோம். அன்றிலிருந்து எங்கள் வீடு சொட்டு மருந்துகளின் வீடாயிற்று. பால்போல வெளுத்த ஸ்டீராய்டு மருந்து, குலுக்கிவிட்டு இரண்டு மணிக்கொரு முறை. கிருமிக்கு எதிரானது ஒன்று. கண்ணீருக்குப் பதிலி ஒன்று. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே ஐந்து நிமிடம். கணக்கு வாத்தியார் நாட்காட்டித் தாளின் பின்புறம் கட்டம் போட்டு அட்டவணை தயாரித்தார். தலைக்குக் குளிக்கக் கூடாது, குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, அடுப்படியில் தாளிக்கும்போது நிற்கக் கூடாது. இரவில் உறக்கத்தில் கை போய்விடாதபடி கண்ணின் மேல் ஓட்டை ஓட்டையான மூடி ஒன்றை வைத்து நாடாவால் ஒட்டினோம். வலி பெரிதாக இல்லை. கூச்சம்தான் பெரிது. ஜன்னல்களில் பழைய வேட்டிகளைத் தொங்கவிட்டோம். வலது கண்ணைத் திறந்தால் இடது கண் கூசியது. இரு கண்களும் இவ்வளவு நெருங்கிய உறவினர் என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது.

மெய்ப்புக்காக வந்திருந்த நாவல் ஒன்று மேசையில் கிடந்தது. முந்நூற்றுச் சொச்சம் பக்கம். தேதி சொல்லியாகிவிட்டது. கைப்பிரதியை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் அச்சுத்தாளில் சரிபார்ப்பது அச்சகங்களின் பழைய முறை. நாங்கள் அதைத் தலைகீழாக்கினோம். அவன் அச்சுத்தாளை உரக்கப் படித்தான், அவள் கண்களை மூடிக்கொண்டு கேட்டாள். “அவன் காற்புள்ளி ஒன்றும் சொல்லாமல் காற்புள்ளி கதவைத் திறந்தான் முற்றுப்புள்ளி.” ஒவ்வொரு பக்கத்திலும் நாலைந்து முறை இருட்டிலிருந்து குரல் வரும்: “ரெண்டு சுழியா, மூணு சுழியா?” பத்தாண்டுகளாகத் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை முதன்முறையாக அவள் வாய்விட்டுக் கேட்டாள். அதில் ஓர் ஆறுதல் இருந்ததென்று பின்னர் சொன்னாள். அத்துடன், பார்வையில் வழுக்கிக்கொண்டு போகிற சொற்கள் காதில் இடறுகின்றன. அந்நாவலின் ஓர் அத்தியாயத்தில் மட்டும் ‘மௌனம்’ பதினொரு முறை வந்தது. இவ்வளவு மௌனத்தை உரக்கப் படிக்க வேண்டியிருந்தவனின் நிலையை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆசிரியருக்குப் பணிவாகத் தெரிவித்தோம். நான்கைக் குறைத்துக்கொண்டார்.

பார்க்க வந்தவர்களைப் பற்றி எழுதாமல் விடுவதற்கில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து நெடுநேரம் அவளையே பார்த்துவிட்டு, “செத்தவங்க பாத்ததெல்லாம் இனி இவளுக்குத் தெரியுமாமே?” என்றார். இன்னொருவர் விழியின் நிறம் மாறிவிடுமா என்றார். மாறாது, மாற்றியது நிறமில்லாத படலத்தைத்தான். மூன்றாமவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கண்ணப்ப நாயனாரில் தொடங்கினார். கண் தானம் என்றவுடன் கண்ணப்பரை அழைக்காத மேடையோ வீடோ தமிழ்நாட்டில் இல்லை. எங்களுக்கு அதில் சிறு மறுப்பு உண்டு. கண்ணப்பர் தாம் யாருக்குக் கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுத்தவர். பெயர்த்த கண்ணை அப்ப வேண்டிய இடத்தைக்கூடக் காலால் அடையாளம் வைத்துக்கொண்டவர். எங்களுக்குக் கொடுத்தவருக்கு எங்களைத் தெரியாது. கொடுத்தது அவரும் அல்ல. இறந்து ஆறு மணி நேரத்துக்குள், அழுகைக்கு நடுவே, அவர் வீட்டில் யாரோ ஒருவர் எழுந்து சரி என்று சொல்லியிருக்கிறார். அந்த யாரோ ஒருவரைத்தான் நாங்கள் அந்நாட்களில் அதிகம் நினைத்தோம்.

யார் என்று கேட்டுப் பார்த்தோம். சொல்வதில்லை என்றார்கள். அதுவே முறை. இரண்டு கருவிழிகளும் இரண்டு பேருக்குப் போகும் என்பதை மட்டும் ஒரு செவிலியர் பொதுவாகச் சொன்னார். முதல் வார மறுபரிசோதனையில், காத்திருக்கும் பெஞ்சில், சிவகங்கைப் பக்கத்து விவசாயி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கதிரடிக்கும்போது கண்ணில் நெல் உமி பட்டுப் பூஞ்சை பிடித்துப் புண்ணாகிக் கருவிழி மாற்றியவர். எங்களுக்கு நடந்த அதே வியாழக்கிழமைதான் அவருக்கும். அறுபதைக் கடந்தவர். அவளுக்கு இடது கண்ணில் மூடி, அவருக்கு வலது கண்ணில். சிறிது நேரம் யோசித்துவிட்டு, “ஏம்மா, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே ஆளு கண்ணா இருக்குமோ?” என்றார். இருக்கலாம் என்றோம். “அப்படின்னா நாம ஒடம்பொறந்த மாதிரித்தானே?” என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். மூன்றாம் மாதம் பார்த்தபோது அவருடைய கண் சிவந்து கலங்கியிருந்தது. உடம்பு ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறதாம் என்றார். அதன் பிறகு நாங்கள் போன நாள்களில் அவரைக் காணவில்லை. வேறு நாள்களில் வந்து போயிருக்கக்கூடும்.

இது நிற்க. மேலே விட்டுவைத்த காரணத்துக்கு வருகிறோம்.

2016 டிசம்பரில் அப்பா இறந்தார். எங்களில் ஒருவனுக்கு அப்பா, மற்றவளுக்கு மாமா. திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில், இரவு ஒன்பது மணிக்கு மேல். வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியிருந்தபோது வாசலில் ஒருவர் வந்து நின்றார். கண் தானத்துக்காகத் தன் போக்கில் உழைப்பவர். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல், குரலைத் தாழ்த்திக் கேட்டார். அப்போது நாங்கள் இருவரும்தான் வாசலில் இருந்தோம். அவருக்குக் கண்புரை அறுவை ஆகியிருக்கிறது, பயன்படாது என்றோம். “அது தடையில்லைங்க. கண்ணாடி போட்டவங்க, புரை எடுத்தவங்க, சர்க்கரை உள்ளவங்க எல்லாரும் கொடுக்கலாம். வெளிப்படலம் மட்டுந்தான் எடுப்போம். இருபது நிமிஷம். முகம் மாறாது” என்றார். உள்ளே அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ‘அம்மாவுக்குச் சம்மதமில்லை’ என்று நாங்களே சொல்லி அனுப்பிவிட்டோம். அவர் பரவாயில்லை என்றார், கைகூப்பினார், செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

கவனியுங்கள், அப்போது எங்கள் வீட்டில் கூம்புக் கருவிழி வந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. மாற்று அறுவை என்ற சொல்லை மதுரையில் நாங்கள் கேட்டிருந்தோம். சென்னை எழும்பூரில் 1945இலேயே டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா நாட்டின் முதல் கண் வங்கியைத் தொடங்கியதும், 1948இல் கருவிழி மாற்றி வெற்றி கண்டதும், அவன் வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்லிப் பெருமைப்படும் செய்திகள். மூடநம்பிக்கை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. கண்ணைக் கொடுத்தால் மறுபிறவியில் குருடாகப் பிறப்போம் என்று எங்கள் வீட்டில் எவரும் நம்பியதில்லை. அந்த நேரத்தில் யாரும் அப்பாவைத் தொடுவதை நாங்கள் விரும்பவில்லை, அவ்வளவுதான். அதற்கு அம்மாவின் பெயரைப் பயன்படுத்திக்கொண்டோம்.

இருட்டறையில் சொட்டு மருந்துக்கு நடுவே இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டது மிகக் குறைவு. ஆனால் அவன் கணக்கு வாத்தியார் அல்லவா, எடுத்த கருவிழியை எத்தனை நாள் வைத்திருக்க முடியும் என்று கேட்டு வைத்திருந்தான். திரவத்தைப் பொறுத்து நான்கு நாள்களிலிருந்து பதினான்கு நாள்கள்வரை என்றார்கள். ஆகவே எந்த வீட்டில் எந்த நாள் என்று துல்லியமாகச் சொல்ல இயலாது. இருந்தும் தோராயமாக ஒரு நாளைக் குறித்துக்கொண்டு எண்ணினோம். எங்களுக்கு மருந்து இரண்டு மணியிலிருந்து மூன்று மணிக்கொரு முறையாகக் குறைந்த வாரம், அங்கே பதினாறாம் நாள் காரியம். படம் மாட்டி, மாலை போட்டு, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பியிருப்பார்கள். எங்களுக்குத் தலைக்குக் குளிக்க அனுமதி கிடைத்தபோது அங்கே நாற்பது கடந்திருக்கும். முதல் தீபாவளி அங்கே இல்லை. எங்கள் வீட்டில் அந்தத் தீபாவளிக்கு அவள் மத்தாப்பின் ஒளிக்குக் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் எண்ணெய் மட்டும் வைத்துக் குளித்தோம். புத்தாடை எடுக்கவில்லை. அத்தை ஏன் என்று கேட்டபோது செலவைக் காரணம் சொன்னோம்.

நான்காம் மாத இறுதியில் ஓரிரவு கண் சிவந்தது. உறுத்தலும் இல்லை, வலியும் இல்லை. மாற்றிய படலத்தில் நரம்பு இராது, உணர்ச்சி திரும்ப மாதங்களோ ஆண்டுகளோ ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். வலிக்காததனாலேயே அச்சம் கூடிற்று. சிவகங்கைக்காரரின் முகம் வேறு நினைவுக்கு வந்தது. முதல் பேருந்தைப் பிடித்து, மூன்றரை மணி நேரம் ஒரு சொல்கூடப் பேசாமல், மதுரை போய் இறங்கினோம். ஒரு தையல் தளர்ந்திருந்தது. மருத்துவர் மரக்கும் மருந்தைச் சொட்டி, ஊசிமுனையால் நறுக்கி, சின்ன இடுக்கியால் இழுத்து, ஒரு பஞ்சின் மேல் வைத்துக் காட்டினார். கருப்பு நூலின் ஒரு துணுக்கு. அதை நாங்கள் ஒரு தாளில் மடித்துக் கொண்டுவந்தோம். வீட்டில் பிரித்துப் பார்த்தபோது காணவில்லை.

பார்வை ஒரே நாளில் வருவதில்லை. அது ஊசலாடிக்கொண்டே வந்தது. காலையில் தெளிவு, மாலையில் கலங்கல்; ஒரு மாதம் சுவரின் கோடுகள் நேராக நிற்கும், அடுத்த மாதம் சாய்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் கருவிழியின் மேடுபள்ளங்களை வண்ணப் படமாக எடுத்தார்கள். சிவப்பு என்றால் செங்குத்து. அந்தத் திசையில் இறுக்கிப் பிடித்திருக்கும் தையலைத் தேர்ந்து எடுத்தார்கள். தேர்த் திருவிழாவில் வடத்தை எந்தப் பக்கம் தளர்த்துவது என்று பார்ப்பதைப் போன்ற வேலை. 2024 பிப்ரவரியில் கடைசித் தையலை எடுத்தார்கள். கண்ணாடியோடு அட்டையின் கடைசிக்கு முந்திய வரிவரை படித்தாள். மருத்துவர் சொல்லித் தெரிந்தது இது: மேல் தோல் சில வாரங்களிலேயே அவளுடையதாகப் புதுப்பித்துக்கொண்டது. உள் ஏடு எப்போதும் அவளுடையதே. நடுவில் இருக்கும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான பகுதி மட்டும் அந்தப் பெயர் தெரியாதவருடையது. அதன் வழியாகத்தான் இப்போது ‘ன’வும் ‘ண’வும் அவளுக்குப் பிரிகின்றன.

அதே வாரத்தில் நாங்கள் இருவரும் கண் தானப் படிவத்தில் கையெழுத்திட்டோம். படிவத்தைவிட முக்கியம் வீட்டிலுள்ளவர்களுக்குச் சொல்லி வைப்பது என்றார்கள். கையெழுத்து இருந்தாலும் அந்த நேரத்தில் உறவினர் சம்மதித்தால்தான் எடுப்பார்கள். ஆகவே அன்று மாலை சொன்னோம். அத்தை திண்ணையில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, “எனக்குந்தான் ஒண்ணு வாங்கிட்டு வாங்க” என்றார். சிறிது நேரம் கழித்து, “எனக்குப் புரை எடுத்திருக்கே, ஆகுமா?” என்றார்.

அது தடையில்லை என்று அவள் சொன்னாள். சொல்லும்போதே எங்கள் இருவருக்கும் அந்தச் சொற்கள் யாருடையவை என்று தெரிந்தது.

கீரை உருவும் கை நிற்கவில்லை. “அப்பம் ஒங்க மாமா கண்ணும் ஆயிருக்கும்லா? அன்னைக்கு யாரும் வந்து கேக்கலியோ?”

வாசலில் நின்றவரைப் பற்றிச் சொன்னோம். யார் பெயரைச் சொல்லி அனுப்பினோம் என்பதையும் சொன்னோம். ஏழு ஆண்டுகளாகச் சொல்லாதது, சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அத்தை காம்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார். முறத்தை ஒருமுறை தட்டினார்.

“என்கிட்ட கேட்டிருக்கலாம்லா” என்றார்.

பிறகு எழுந்து, உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு, “மணி ஏழாகுது, மருந்து ஊத்தலியா?” என்று அடுப்படியிலிருந்து கேட்டார். இப்போது ஒரு நாளைக்கு ஒரு சொட்டுதான். அவள் திண்ணையிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவன் புட்டியைக் குலுக்கினான்.